அவையல் கிளவியும் ஆபாசச் சட்டமும்: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஒரு சொல் எப்பொழுது குற்றமாகிறது என்னும் வினா இலக்கணத்திற்கும் உரியது, சட்டத்திற்கும் உரியது. ஆயினும் இவ்விரு துறையாரும் ஒருவர் கூறியதை மற்றவர் செவிமடுத்தனர் என்று சொல்வதற்கில்லை. இலக்கண ஆசிரியர் இடக்கர் என்றும், அவையல் கிளவி என்றும் கூறியவற்றை இற்றைச் சட்டம் ஆபாசம் என்னும் பெயரால் வழங்குகிறது. பெயர் மாறியதோடு நோக்கும் மாறியதா, மாறியதாயின் எவ்விடத்து மாறியது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆபாசம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் நூல்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. எந்நூல் தடுக்கப்பட்டது, யார் தடுத்தனர், நீதிமன்றம் என் சொல்லிற்று என்பனவே பேசப்படுகின்றன. வாய்ப்பேச்சின்மேல் இச்சட்டம் செல்லும் வகை அத்துணை ஆராயப்படவில்லை. தமிழ்நாட்டில் இச்சட்டம் மிகுதியும் எழுந்து நிற்பதோ வாய்ப்பேச்சின்மேலேயாம். அதனைக் காண்பதற்குத் தக்க களமாகப் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களை யாம் எடுத்துக்கொள்கிறோம். அம்மக்கள் பிறரினும் கடுமொழியினர் என்பது இதற்குக் காரணம் அன்று. அவர்தம் வாழ்வு முழுதும் வெட்டவெளியில் நிகழ்வது என்பதே காரணம். இதன் பொருத்தம் பின்னர் விளங்கும்.

இலக்கண நூலார் கண்ட நெறி

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் அவையல் கிளவியை மறைத்துக் கூறுமாறு விதித்தார். இவ்விதியில் முதற்கண் நோக்கத்தக்கது அவர் ஆண்ட பெயரேயாகும். இழிசொல் என்றோ தீச்சொல் என்றோ அவர் கூறினாரல்லர். அவைக்கு ஆகாத சொல் என்றார். குற்றம் சொல்லின்கண் கிடப்பதாயின் அவையைக் குறிக்க வேண்டுவதில்லை. சொல்லும் அதனைக் கேட்கும் அவையும் தம்முள் பொருந்தாமையே ஈண்டுக் குற்றமாகக் கொள்ளப்பட்டது. தனித்திருந்து மொழிவார்க்கும், ஒத்தார் நடுவே மொழிவார்க்கும் இவ்விதி இல்லை என்பது பெயரானே பெறப்படும்.

இதனை அடுத்து ஆசிரியர் ஒரு விலக்கும் கூறினார். நெடுங்காலம் வழங்கி மருவிப் பழகிய சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் போன்றவற்றை உரையாசிரியர் இதற்குக் காட்டுவர். பொருள் இடக்கராயினும் வழக்கு மிகுதியால் சொல் கூச்சம் நீங்கிற்று என்பது இதனால் அறியப்படும். கூச்சம் தருவது பொருளும் அன்று, ஒலியும் அன்று. கேட்போர் பழக்கத்தைப் பற்றியதே அது என்னும் உண்மையை ஈராயிரம் ஆண்டின் முன்னரே நம் இலக்கணம் கண்டுகொண்டது.

நன்னூலார் இடக்கரடக்கலை மங்கலத்தோடும் குழூஉக்குறியோடும் ஒருங்கு வைத்துத் தகுதி வழக்கு என்றார். இவ்வைப்பு முறையும் கருதத்தக்கது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறிக்கு உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டு. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மகளிர் பல்லால் கவ்விக்கொள்ளும் ஓலைக் கூடைக்கும் பறி என்பதே பெயர். சொல் ஒன்று, குழு வேறு, பொருளும் வேறு. ஒரு குழுவின் சொல்லுக்கு அக்குழுவே பொருள் கூறத்தக்கது என்பது குழூஉக்குறியால் பெறப்படும் நெறி. இடக்கரை அதனோடு சேர எண்ணியமையால் இடக்கர்க்கும் அந்நெறி ஒருவாற்றான் பொருந்தும் எனலாம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். வழக்கு என்பது உயர்ந்தோரைப் பற்றியது என்று தொல்காப்பியரே மரபியலில் கூறினாரன்றோ, எனவே அவை என்பதும் உயர்ந்தோர் அவையே ஆகும் என்பர். இத்தடையை எளிதில் ஒதுக்குதல் இயலாது. செய்யுளும் அரசவையும் நோக்கியே இலக்கணம் பெரும்பாலும் இயற்றப்பட்டது. ஆயினும் இதனால் விளைவது யாது? உயர்ந்தோர் அவையில் மறைக்கப்படுவது அவ்வவையில் மறைக்கப்படும் என்பதே. அவ்வவைக்குரிய விதியை உப்பங்கழிக் கரையில் வலை இழுப்பார்மேல் ஏற்றுமாறு எந்த இலக்கணமும் கூறவில்லை. திருவள்ளுவரும் அவையறிதல் எனத் தனி அதிகாரம் வகுத்து, அவையின் தரமும் திறமும் அறிந்து பேசுக என்றே அறிவுறுத்தினார். அவை பலவாதலை இவ்விருவரும் உடன்பட்டனர் என்க.

சட்டம் கூறுவது

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 292 முதல் 294 வரையுள்ள பிரிவுகளில் ஆபாசம் பற்றிக் கூறிற்று. அவற்றுள் 292-ஆம் பிரிவு நூல் முதலியன பற்றியது. 294-ஆம் பிரிவு செயலும் பாட்டும் சொல்லும் பற்றியது. அதன் பிற்கால வடிவம் 1895-இல் அமைந்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில் இவை முறையே 294, 296 என்னும் எண்களைப் பெற்றன. எண் மாறியதேயன்றி, வாய்ச்சொல் பற்றிய விதியின் கருப்பொருள் மாறவில்லை. மூன்று மாதம் வரை சிறையும், தண்டமும் விதிக்கப்படலாம். தண்டத்திற்கு ஆயிரம் ரூபாய் என்னும் மேல் எல்லையைப் புதிய சட்டம் குறித்துள்ளது.

வாய்ச்சொல் பற்றிய அவ்விதியில் உறுப்புகள் மூன்று உள. ஒன்று, பாட்டோ சொல்லோ ஆபாசமாதல் வேண்டும். இரண்டு, அது பொது இடத்திலோ அதன் அணித்தாகவோ மொழியப்பட வேண்டும். மூன்று, அதனால் பிறர்க்குத் தொல்லை விளைதல் வேண்டும். இம்மூன்றனுள் பின்னைய இரண்டும் யாவை? அவையேயன்றோ! எங்கே சொல்லப்பட்டது, யார் கேட்டனர், கேட்டார்க்கு என் நேர்ந்தது என்று சட்டமும் வினவுகிறது. சட்டத்தின் ஏட்டைப் படிப்போர்க்கு, அதனை இயற்றிய ஆங்கிலேயரும் தொல்காப்பியரும் இவ்வொரு பொருளில் உடன்பட்டனர் என்றே தோன்றும்.

ஆபாசம் என்பதற்கு அச்சட்டம் தொடக்கத்தில் இலக்கணம் கூறவில்லை. அதனால் நீதிமன்றங்கள் 1868-இல் இங்கிலாந்தில் எழுந்த இக்லின் வழக்கின் அளவுகோலைக் கைக்கொண்டன. தீய வயப்படுதற்கு இயல்பாகவே இடங்கொடுக்கும் உள்ளத்தாரைக் கெடுக்கும் போக்கு ஒரு நூலுக்கு உண்டாயின் அது ஆபாசம் என்பது அவ்வளவுகோல். 1964-இல் இரஞ்சித் உதேசி வழக்கில், பம்பாய்ப் புத்தக வணிகர் ஒருவர் 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்னும் ஆங்கில நாவலை விற்றமை பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் இவ்வளவுகோலையே ஏற்றது. அஃது அவையின் மிக மெலிந்த உறுப்பினரை அளவாகக் கொண்டது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் அந்நீதிமன்றம் இதனைக் கைவிட்டு, அக்காலத்துச் சமுதாயத்தின் நோக்கே அளவுகோல் என்றது. மெலிந்தார் ஒருவரை விடுத்து அவை முழுவதையும் அளவாகக் கொண்ட இம்மாற்றம் நம் இலக்கண நெறிக்கு அணுக்கமானது. ஆயின் எச்சமுதாயம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. கரையில் மொழிந்த சொல்லுக்குக் கரையே சமுதாயமா, நகரத்து நடுத்தர மக்களா?

ஏடும் நடப்பும்

ஏட்டில் இங்ஙனம் அமைந்த விதி நடப்பில் எவ்வாறு உருவெடுக்கிறது என்பதே தலையாய செய்தி. தமிழ்நாட்டில் ஊர்ச்சண்டை பற்றிய முதல் தகவல் அறிக்கைகளில் 294 (பி) என்னும் எண் முன்னிற்றலும், அதனைத் தொடர்ந்து அடித்துக் காயப்படுத்தியதற்குரிய 323, மிரட்டலுக்குரிய 506 ஆகியன அடுக்கி வருதலும், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்பார் அனைவரும் அறிந்ததே. புதிய சட்டம் வந்தபின் அவை 296 (பி), 115 (2), 351 என வருகின்றன. வரப்புச் சண்டையாயினும் வாய்க்காற் சண்டையாயினும் ஆபாசம் ஒரு முன்னுரை போல் வந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் தமிழ் மக்கள் பேச்சின் கடுமை என்று கூறின் அது பொருந்தாது. சட்டத்தின் அமைப்பிலேயே காரணம் உளது என யாம் கருதுகிறோம். சிறு காயம் விளைத்தலும், அமைதி குலையுமாறு வேண்டுமென்றே இழித்துரைத்தலும் நீதித்துறை நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலன்விசாரணை செய்யலாகாக் குற்றங்கள். பொது இடத்தில் ஆபாசச் சொல் மொழிதலோ காவலர் தாமே பதிவு செய்து விசாரிக்கத்தக்க குற்றம். பல குற்றங்கள் ஒருங்கே சாட்டப்படும்பொழுது அவற்றுள் ஒன்றேனும் இவ்வகையினதாயின் வழக்கு முழுவதும் அவ்வகையினதாகவே கொள்ளப்படும். எனவே பூட்டிய கதவுக்கு ஒரு திறவுகோலாக இவ்வெண் பயன்படுகிறது என்று கருத இடமுண்டு. ஆபாசத்தைத் தடுத்தற்கு எழுந்த விதி, ஆபாசத்தொடு தொடர்பில்லாப் பிணக்குகளில் காவல் நிலையம் கைவைத்தற்கு வாயிலாயிற்று.

இவ்வாறு பயன்படும் விதியில் உறுப்புகள் தேய்தல் இயல்பே. "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி" என்றோ, "ஆபாசமாகப் பேசி" என்றோ ஒரு வாய்பாடு அறிக்கையில் அமையும். சொல் யாது என்பது பலகாலும் எழுதப்படுவதில்லை. கேட்டு வருந்திய மூன்றாமவர் யார் என்பதும் எழுதப்படுவதில்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விரு குறைகளையும் எடுத்துக்காட்டியது. இழித்துரைத்தலும் வசைமொழியும் மட்டும் இப்பிரிவின் குற்றமாகா என்றும், பிறர்க்குத் தொல்லை விளைந்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும், மொழிந்ததாகச் சொல்லப்படும் சொற்கள் ஆவணத்தில் காணப்படவில்லை என்றும் அது கூறிற்று. 2024 மார்ச்சில் ஓர் இணையத்தொடர் பற்றிய வழக்கில் அந்நீதிமன்றம் மேலும் சென்று, கொச்சைமொழியும் வசைச்சொல்லும் தம்மளவில் ஆபாசம் ஆகா. வெகுளியும் வெறுப்பும் வியப்பும் புலப்படுத்தற்கு வரும் சொல்லை அதன் நேர்ப்பொருள் பற்றி எடைபோடலாகாது என்றது.

ஈண்டுத் தமிழ் ஆய்வாளராகிய நாம் நம்மையும் நோக்க வேண்டும். நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் பலர் இடக்கர் வந்த இடத்துப் புள்ளியிட்டு விடுதலை வழக்கமாகக் கொண்டனர். புள்ளியிட்ட பாட்டைக்கொண்டு அதன் நயத்தையோ குற்றத்தையோ அறிதல் இயலாது. சொல்லை எழுதாத அறிக்கையும் அத்தகையதே. தொகுப்பாளர் கூச்சத்தால் பாட்டு அழிந்தது; காவல் நிலையத்தின் வாய்பாட்டால் வழக்காடும் வழி அடைபடுகிறது. எழுதப்படாத சொல்லை ஆபாசம் அன்று என்று எவரேனும் எவ்வாறு வாதிடுவர்?

கரையின் அவை

பழவேற்காட்டு ஏரி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்து கிடப்பது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொணரும் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் அக்கழி, இறாலுக்கும் நண்டுக்கும் பெயர் பெற்றது. 1613-இல் ஒல்லாந்தர் ஈண்டுக் கோட்டை அமைத்தனர். நெய்தல் திணைக்குரிய பொருள்கள் பலவும் ஒருங்கே காணப்படும் இடம் இது.

இங்குள்ள குப்பங்களின் வாழ்வை அமைப்பது பாடு என்னும் முறையாகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் சுத்துவலை கொண்டு இறால் பிடிக்கும் உரிமை தலைக்கட்டுகளுக்குரியது. எந்த நீர்ப்பகுதியில் எவர் எந்நாள் வலையிடுவது என்பதைச் சீட்டாலும் முறைவைப்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வரையறுக்கிறது. ஏரி பொது, உரிமை பங்கு, பங்கிற்கு அளவு முறை. இவ்வமைப்பில் பிணக்கு எழாதிருத்தல் அரிது. முறை தவறியவனை நோக்கி எழும் முதற்படை வாய்ச்சொல்லேயாகும். ஊரவை கூடி, சொன்னவனையும் செய்தவனையும் ஒருங்கு வினவி, தண்டமிட்டோ இணக்கியோ அதனைத் தீர்த்தல் மரபு. இவ்வவையின் குறைகளையும் யாம் மறைக்கவில்லை. தலைக்கட்டு என்பது ஆடவரைக் கொண்டே எண்ணப்படுவது. பெண்டிர் குரலும், பாட்டுரிமை இல்லாத பிற குடியினர் குரலும் அவ்வவையில் எளிதில் ஏறா. ஆதலின் காவல் நிலையத்தை நாடுதல் சிலர்க்கு இன்றியமையாததாகவும் அமையும்.

இனி, பொது இடம் என்னும் உறுப்பை இம்மக்கள்பால் வைத்து நோக்குக. படகு அணையும் துறை, வலை உலர்த்தும் மணல், மீன் ஏலம் போடும் திடல், மகளிர் கூடை வைத்து விற்கும் தெரு ஆகிய இவையே இவர்க்குத் தொழிற்களம். பெரும்பொழுது இவையே வீடும் ஆம். இவை யாவும் சட்டத்தின் கண்ணில் பொது இடங்கள். நகரத்து வணிகன் தன் அறையினுள் ஏவலனை எத்துணை இழித்துப் பேசினும் இப்பிரிவு அவனை எளிதில் அணுகாது; சுவர் அவனைக் காக்கிறது. மீனவன் தன் உடன்வலையனை நோக்கி உரப்பிய சொல்லோ வாயினின்று வீழும்பொழுதே பொது இடத்தில் வீழ்கிறது. சட்டம் எல்லார்க்கும் ஒன்றாயினும் சுவர் எல்லார்க்கும் ஒன்றன்று. இடம் பற்றிய உறுப்பு இவர்க்குத் தானே நிறைவேறிவிடுவதால், தொல்லை பற்றிய உறுப்பு ஒன்றே இவர்க்கு எஞ்சிய காப்பு. அறிக்கையில் எழுதப்படாது விடப்படுவதும் அவ்வுறுப்பே என்பது வருந்தத்தக்கது.

தண்டனை சிறிதன்றோ என்பார்க்கு ஒன்று கூறுவோம். இவ்வழக்குகளில் தண்டனையினும் வழக்கே பெருந்துன்பம். தன் முறை வரும் நாளில் நீதிமன்றத்திற்குச் செல்ல நேர்ந்தவனுக்கு அன்றைய பாடு போயிற்று. மீண்டும் முறை வருந்துணையும் அவன் காத்திருத்தல் வேண்டும். நிலுவையிலுள்ள வழக்கு, வேலை நாடும் இளைஞனின் நன்னடத்தைச் சான்றிற்கும் இடையூறாகும்.

வசை வேறு, இடக்கர் வேறு

கரையில் கேட்கும் கடுஞ்சொற்களை நால்வகையாகப் பகுக்கலாம். கெட்டொழிக என்னும் பொருள்படும் சாபமொழிகள் ஒருவகை. விலங்கின் பெயரால் விளிப்பன ஒருவகை. உடலுறுப்பும் முறைகேடான உறவும் சுட்டுவன ஒருவகை. பிறப்புப் பற்றி இழிப்பன ஒருவகை. இவற்றுள் மூன்றாவது ஒன்றே இலக்கணத்தார் கூறும் இடக்கரை அணுகுவது. அதிலும் உடன்வலையர் தம்முள் விளியாகவும், வியப்பாகவும், வலையிழுக்கும்பொழுது ஊக்கும் மொழியாகவும் பொருள் தேய்ந்து வழங்குவன பல. தொல்காப்பியர் கூறிய விலக்கு, மருவிப் பழகிய இச்சொற்களுக்குப் பொருந்துவது ஒப்பிட்டுணர்வார்க்குப் புலனாகும்.

நான்காம் வகையே மிகக் கொடியது. அதில் இடக்கர் ஒன்றும் இல்லாதிருக்கலாம். அவையில் கூசாது சொல்லத்தக்க ஒரு குலப்பெயராகவே அது அமையலாம். ஆயின் அதனால் விளையும் புண் ஏனைய மூன்றினும் ஆழ்ந்தது. அதனைத் தடுத்தற்கு 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உளது. பெண்ணின் நாணத்தை இழித்துரைப்பார்க்கு வேறு பிரிவும், பெண்களைத் துன்புறுத்துதலைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் உள்ளன. மீன் விற்கும் பெண்ணை ஒருவன் வழிமறித்து இழித்துரைப்பின் அவளுக்கு நேர்ந்தது இழிவு. ஆபாசம் என்னும் பொதுப்பெயரால் அதனைப் பதிவு செய்தல் அவள் புண்ணைத் தெருவின் கூச்சமாகச் சுருக்கிவிடும். இழிவு செய்தவனுக்கு இழிவின் பிரிவே பொருந்தும். ஆபாசப் பிரிவைத் தாராளமாக வழங்குதல் எளியார்க்குக் காப்பு என்பார் இவ்வேற்றுமையை உணர்தல் வேண்டும்.

நம் இலக்கியமும் வசையை இடக்கரினின்று வேறாகவே போற்றிற்று. காளமேகத்தின் வசைக்கவிகள் நூலேறின. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசி, ஒருத்தி மற்றவள் வழிபடு தெய்வத்தையும் விட்டுவையாது எள்ளும் பகுதி, ஏசல் என்னும் பெயரால் அந்நூலின் சுவை மிக்க உறுப்பாயிற்று. வெளியில் உழைப்பார் இருவரின் சண்டையே அங்குப் பாடுபொருள். ஏட்டில் அதனைச் சுவைக்கும் நாம் கரையில் அதனைக் குற்றம் என்பது முரண் அன்றோ? சுவை வேறு, நேர்நின்று ஏற்கும் வசை வேறு என்பது உண்மை. ஆயினும் ஏசல் என்பது தமிழர் வாழ்வில் ஒழுங்குடைய ஒரு பேச்சுவகை என்பதற்கு அந்நூல் சான்று. ஏச்சு ஓய்ந்தபின் பள்ளியர் இருவரும் இணங்குகின்றனர்; அடிதடி நேர்வதில்லை.

நூலுக்கு உள்ள காப்பு

வாய்ச்சொல்லின் நிலையை நூலின் நிலையோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஏரியின் மறுகரைக்குரிய தெலுங்கு மொழியினின்றே முதற்சான்று தருவோம். தஞ்சை அரசவையைச் சார்ந்த முத்துப்பழனி என்னும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புலமையாட்டி இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை, 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்து வெளியிட்டார். மறு ஆண்டே சென்னை மாகாண அரசு அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. அரசின் மொழிபெயர்ப்பாளர் குற்றமெனக் கண்ட பகுதிகளே அதற்கு அடிப்படையாயின. தடை 1947-இல் நீங்கிற்று. காவியம் முழுவதையும் அவையாக நின்று கேட்க அரசு எவரையும் அமர்த்தவில்லை. பகுதி பெயர்த்த ஒருவர் கருத்தே அவையாயிற்று. ஆயினும் அந்நூலுக்காக வாதிட்ட அறிஞர் இருந்தனர். சொற்கள் அச்சில் இருந்தன. அதனால் பின்வந்தோர் மறு ஆய்வு செய்தல் இயன்றது.

அடுத்த சான்று நம் காலத்தது. பெருமாள்முருகன் 2010-இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவல்மேல் 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்தது. 2015 சனவரியில் நாமக்கல்லில் வருவாய்த் துறை அலுவலர் முன்னிலையில் அமைதிக் கூட்டம் கூடி, நூலாசிரியர் வருத்தம் தெரிவிக்கவும் படிகளைத் திரும்பப் பெறவும் உடன்படுமாறு நேர்ந்தது. 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வுடன்பாடு நூலாசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது. நூல் ஆபாசமன்று என்று கண்டதோடு, இத்தகைய பூசல்களில் கருத்துரைத்தற்கு வல்லுநர் குழு அமைக்குமாறும் அரசுக்கு அறிவுறுத்திற்று. இலக்கியத்தை எடைபோடுதல் காவலர் பணியன்று என்பது அத்தீர்ப்பால் தெளிவாயிற்று.

அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்யக் கருதினும் சட்டம் வரம்புகளை இட்டுள்ளது. காரணம் கூறி அரசிதழில் அறிவித்தல் வேண்டும். இரண்டு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதனைக் கேட்பர். 1960-இல் இம்மாநிலம், மிரட்டிப் பொருள் பறிக்கும் இதழ்களையும் இழிந்த எழுத்துக்களையும் தடுத்தற்பொருட்டு 292-ஏ என்னும் தனிப்பிரிவு சேர்த்தபொழுது, அதனைச் சட்டமன்றத்தின் வாயிலாகவே செய்தது. இங்ஙனம் அச்சிட்ட சொல்லுக்கு அவை உண்டு, காரணம் உண்டு, மேன்முறையீடு உண்டு. கரையில் மொழிந்த சொல்லுக்கோ நிலைய எழுத்தர் ஒருவரே இலக்கணமும் அவையும் ஆகின்றார். பாட்டுப் பிணக்குகளிலும் வருவாய்த் துறையும் காவல் துறையும் அமைதிக் கூட்டம் கூட்டுதல் உண்டு. ஆங்கு ஏற்கெனவே பதிவான ஆபாச வழக்கு, ஒரு பக்கத்தாரைப் பணியச் செய்யும் கருவியாகக் கூடும். நாமக்கல் கூட்டத்தின் பணிவை நீதிமன்றம் செல்லாதென்றது. குப்பத்துக் கூட்டத்தின் பணிவை வினவுவார் யார்?

மேற்பார்வை வேண்டும் இடம்

ஆகவே அரசின் மேற்பார்வை எங்கே வேண்டும் என்பது இப்பொழுது தெளிவாகும். மக்கள் நாவின்மேல் அன்று. அதனைப் பதிவு செய்யும் எழுதுகோலின்மேல் அது வேண்டும். இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை. உள்ள விதியின் மூன்று உறுப்புகளையும் எழுதுவித்தலே போதும். மொழிந்த சொல் உள்ளவாறே எழுதப்படுக. பலர் கண்ணில் படலாகாது எனின் உறையிட்டு ஆவணத்தொடு வைக்கப்படுக. எவ்விடத்து எச்சூழலில் மொழியப்பட்டது என்பது குறிக்கப்படுக. சண்டையிட்டார் அல்லாத பிறர் ஒருவரேனும் கேட்டுத் தொல்லையுற்றமைக்குச் சான்று பெறப்படுக. இவை இல்லாத குற்றப்பத்திரிகையினின்று அப்பிரிவை நீக்குமாறு அரசு வழக்குரைஞர் அறிவுறுத்துக. மேலலுவலர் ஆண்டுதோறும் இப்பிரிவில் பதிவானவை எத்துணை, மெய்ப்பிக்கப்பட்டவை எத்துணை என்று கணக்கெடுத்து வெளியிடுக.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. வட்டாரத்து வசைமொழிகளைக் கூச்சமின்றித் தொகுத்து, எச்சொல் எவர்க்கிடையே எப்பொருளில் வழங்குகிறது என்று வரையறுத்தல் ஆய்வுப் பணியே. கி. ராஜநாராயணன் மக்களிடை வழங்கும் பாலியற் கதைகளைத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்னும் பெயரால் வெளியிட்டு வழிகாட்டினார். தலைப்பிலேயே அவையைக் குறித்து, உள்ளே சொல்லை மறையாது விட்டது இலக்கண நெறிக்கு மிக ஒத்தது. நெய்தல் மக்களின் பேச்சுக்கு அத்தகைய அகராதி ஒன்று இருப்பின், சொல்லின் பொருள்பற்றி ஐயம் எழும் வழக்குகளில் நீதிமன்றத்திற்கும் அது துணையாகும்.

முடிவுரை

ஆபாசம் என்னும் சொல் வடமொழியில் போலித் தோற்றத்தைக் குறிப்பது. தருக்க நூலார் போலி ஏதுவையும், அணி நூலார் தகாத இடத்துத் தோன்றும் சுவையையும் அச்சொல்லால் குறித்தனர். பிறகே அது அருவருப்புக்குப் பெயராயிற்று. இதற்கு நேராகத் தமிழ் தந்த அவையல் கிளவி என்னும் பெயர், குற்றத்தின் இருப்பிடத்தையே சுட்டி நிற்பது. சொல்லை அவையோடு வைத்து நோக்குக என்பது இலக்கணம். இடத்தோடும் கேட்டாரோடும் வைத்து நோக்குக என்பது சட்டம். இரண்டும் ஒன்றே கூறியிருக்க, நடைமுறை மட்டும் அவையை நீக்கி, பின் சொல்லையும் நீக்கி, வாய்பாடு ஒன்றையே வைத்துக்கொண்டது. அதன் சுமை சுவரில்லா வாழ்வினராகிய பழவேற்காட்டு மீனவர் போன்றார்மேல் மிகுதியாக வீழ்கிறது. எழுதப்படாத சொல்லுக்காக எவரும் நீதிமன்ற வாயிலில் நிற்றல் கூடாது என்னும் இவ்வொன்றை அரசு உறுதி செய்யுமாயின், சட்டமும் தன் ஏட்டின்படி ஒழுகியதாகும்; தமிழ் இலக்கணம் கண்ட நெறியும் பிழையாது நிற்கும்.